எழிலன் திரும்பி வந்தால்

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் இசைவாணி வக்கீலாகப் பதிவு செய்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் ஆள் அவள்தான். சீனியர் பழனிவேலிடம் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, ஜீவனாம்சம் என்று வந்த வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் என்பது சீனியரின் அறையில் இருந்த இரண்டு அலமாரிக்குள் அடங்கிவிடும் என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆடி மாதத்தில் முதுநகரிலிருந்து தமிழ்ச்செல்வி வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். அவள் புருஷன் எழிலன் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனவன். முந்தின டிசம்பரில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு புயலில், அவிழ்ந்த சங்கிலியை இழுத்துக் கட்டப் போன இடத்தில் அலை வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கப்பல் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியிருக்கிறது. உடம்பு கிடைக்கவில்லை. கேப்டன் எழுதிய அறிக்கையும் எழிலனின் துணிப்பையும் மட்டும் ஊர் வந்து சேர்ந்தன.

பணம் வாங்கித் தரச் சொல்லித்தான் வந்திருப்பாள் என்று இசைவாணி நினைத்தாள். தமிழ்ச்செல்வி கேட்டது வேறு.

"நான் யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம். ஒரு கல்யாணத்துல ஆரத்தி எடுக்கக் கூப்புடுறாங்க. இன்னொரு கல்யாணத்துல ஓரமா நில்லுன்றாங்க. காலையில பொட்டு வக்கிறதா வேணாமான்னு கண்ணாடி முன்னால நின்னுட்டே இருக்கேன்."

சீனியரிடம் கேட்டதற்கு அவர் தலை நிமிராமலே பதில் சொன்னார். உடம்பு இல்லையென்றால் ஏழு வருஷம். ஏழு வருஷம் ஆளைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் செத்தவனாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் கேட்பதாக இருந்தால் பலமான சாட்சி வேண்டும், இவர்களிடம் கேப்டன் எழுதின தாளைத் தவிர என்ன இருக்கிறது, போகச் சொல் என்றார். தமிழ்ச்செல்வி எழுந்து போனாள். அவள் விட்டுப்போன அறிக்கை நகலை இசைவாணி சாயங்காலம் எடுத்துப் படித்தாள். அதன் தலைப்பில் கப்பலின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது: கொடி, பிரான்ஸ்.

பிரெஞ்சுக் கொடி என்றால் அந்தக் கப்பலில் நடந்ததற்கு யாருடைய சட்டம்? கல்லூரியில் சர்வதேசச் சட்டம் என்று ஒரு பேப்பர் எழுதித் தேறியிருந்தாள். தேறியது மட்டும்தான் நினைவிருந்தது. சீனியரிடம் கேட்டால் சிரிப்பார் என்று சொல்லாமலே சனிக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினாள்.

பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனவளை மணவாளன் என்கிற உதவி நூலகர் எதிர்கொண்டார். அவருக்கும் இவள் வயதுதான் இருக்கும். என்ன வழக்கு என்று கேட்டார். சொன்னதும் கடல் சட்ட உடன்படிக்கை அச்சாகியிருந்த தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து போட்டார்.

அதைப் புரட்டிக்கொண்டே போன இசைவாணி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். நடுக்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே போகிற கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அதிகாரத்துக்கு மட்டுமே உட்பட்டது என்று அங்கே இருந்தது. இரண்டே வரிதான். இரண்டாம் முறை விரல் வைத்துப் படித்தாள். முதுநகரில் பிறந்த எழிலன் பிரான்ஸ் தேசத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் சோறு தின்ற தட்டை அவன் கழுவி வைத்த இடம், சட்டை காயப்போட்ட கயிறு, கடைசியாகக் கால் ஊன்றி நின்ற இரும்புத் தகடு எல்லாமே பிரெஞ்சுச் சட்டத்துக்குள் இருந்திருக்கின்றன. சுற்றிலும் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர். நடுவில் ஒரு கொடியின் நிழல் விழுகிற அளவுக்கு ஒரு தேசம்.

அப்புறம் அவளுக்கு வீடு திரும்பும் நினைப்பே வரவில்லை. மற்ற ஊர்களில் காணாமல் போனவனுக்கு என்ன சட்டம் என்று மணவாளனிடம் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜப்பானில் கப்பலோடு மூழ்கினவனுக்கு ஒரு வருஷம். ஜெர்மனியில் ஆறு மாசம். தாய்லாந்தில் இரண்டு வருஷம். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் ஒரு சாரார், மனைவி நாலு வருஷம் காத்திருந்தால் போதும் என்றிருந்தார்கள். இன்னொரு சாரார், அவன் வயதொத்தவர்கள் ஊரில் எல்லோரும் செத்து முடியும்வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்றிருந்தார்கள்.

சீனியர் சொன்ன ஏழு வருஷத்தின் வேரும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் போட்ட ஒரு சட்டத்தில், கடல் கடந்து போன புருஷன் ஏழு வருஷம் வராவிட்டால் மறுமணம் செய்தவளைத் தண்டிக்கக்கூடாது என்று இருந்ததாம். பாய்மரக் கப்பல் காலத்துக் கணக்கு அது. கப்பலேறி, கைமாறி, சட்டப் புத்தகத்துக்குள் புகுந்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து தமிழ்ச்செல்வியிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

இசைவாணி விரித்துப் போட்டிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். ஒருத்தர் மொழி ஒருத்தருக்குத் தெரியாது, ஒருத்தர் சாமி ஒருத்தருக்கு ஆகாது. ஆனாலும் எல்லோர் வாசலிலும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு தமிழ்ச்செல்வி வந்து நின்றிருக்கிறாள். அத்தனை பேரும் உட்கார்ந்து யோசித்து அவளுக்கு ஒரு பதில் எழுதியிருக்கிறார்கள். கோயிலில் கூட அவளுக்கு அப்படி ஒரு மலைப்பு வந்ததில்லை.

தேவைப்பட்டது பிரான்ஸின் பதில். நூலகத்தில் இருந்ததோ ரொம்பப் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றுதான். அதற்கப்புறம் சட்டம் எத்தனையோ முறை திருத்தப்பட்டிருக்கும். கண்டவற்றை நம்பிக் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று மணவாளனே சொன்னார். பாரீஸில் இருக்கிற ஒரு சட்ட நூலகத்தின் முகவரியைத் தேடிக் கொடுத்து, நேரடியாகக் கேட்டு மின்னஞ்சல் போடச் சொன்னார்.

"நம்மள யாருன்னு தெரியாம பதில் போடுவாங்களா சார்?"

"அங்கயும் என்னை மாதிரி ஒருத்தர் ஒக்காந்துருப்பாரு மேடம். புஸ்தகம் கேட்டா குடுக்குறதுதான் அவருக்கும் வேலை."

கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினாள். பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லை. மறுவாரம் கடலூரில் திறந்து பார்த்தபோது வந்திருந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. சிவில் சட்டத்தின் பிரிவுகளைப் பிரெஞ்சில் அப்படியே பிரதியெடுத்து இணைத்திருந்தார். எது நடப்பில் இருக்கிறது, எந்தக் கோர்ட்டுக்குப் போகவேண்டும், மனுவை யார் வழியாக அனுப்பலாம் என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார். கடைசியில், தன் ஊரும் கடலோரம்தான் என்றும், அந்தப் பெண்ணுக்குத் தன் அன்பைச் சொல்லும்படியும் ஒரு வரி. இசைவாணி அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூர் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் வரைபடத்தில் தேடித்தான் பார்த்திருக்கவேண்டும்.

பிரெஞ்சைப் படிக்க ஆள் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கவில்லை. அரைமணி நேர பஸ்ஸில் புதுச்சேரி. அங்கே பாட்டன் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்தைத் தங்கள் சட்டமாக ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இன்றைக்கும் அதே சட்டப்படி கல்யாணமும் சொத்தும் நடத்துகின்றன என்று அங்கே விசாரித்துக் கண்டுபிடித்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் ஒருவர் சொன்னார். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி துணி எடுக்க இசைவாணி எத்தனையோ தடவை வந்திருக்கிறாள்; இன்னொரு சட்டத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

அம்மாள் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல இசைவாணி எழுதிக்கொண்டாள். உயிருக்கு ஆபத்தான நிலைமையில் காணாமல் போய் உடம்பு கிடைக்காத ஒருவரை, வருஷக் கணக்கு எதுவும் பாராமல், இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். பிரெஞ்சுக் கப்பலில் காணாமல் போனவர் என்றால் அவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அறிவிக்கலாம். அதைக் கேட்டதுமே அவளுக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மாள் நிறுத்தவில்லை. இன்னும் சில பிரிவு தள்ளி இருந்ததையும் படித்தார்.

"இறந்தவர்னு தீர்ப்பு ஆனவர் அப்புறமா திரும்பி வந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு அவரே கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் இதுவரைக்கும் படிச்சதே இல்லம்மா."

வந்தால் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். அவன் சொத்து அப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அவனுக்குத் திரும்பும். பழைய கல்யாணம் மட்டும் முறிந்தது முறிந்ததுதான். அவள் நடுவில் அமைத்துக்கொண்ட வாழ்க்கையை யாரும் கலைக்க முடியாது.

செத்தவன் வந்து நின்றால் என்ன செய்வது என்றுகூட யாரோ யோசித்திருக்கிறார்கள். அவன் கோபப்படாமல் இருக்க ஒன்று, அவள் பயப்படாமல் இருக்க ஒன்று. திரும்பும் பஸ்ஸில் இசைவாணிக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

வழக்குக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு தடை மிச்சமிருந்தது. அவள் பெயர் இருசம்மாள், எழிலனின் அம்மா.

பிரான்ஸில் தீர்ப்பு வந்தாலும் அதைக் காட்டிக் கடலூர் கோர்ட்டிலும் உத்தரவு வாங்கவேண்டும். அந்த வழக்கில் அம்மாவையும் சேர்க்காமல் முடியாது. அவள் என் பிள்ளை சாகவில்லை என்று எதிர்த்து நின்றால் வழக்கு எந்தக் காலத்திலும் முடியாது. அவள் அப்படித்தான் நிற்பாள் என்று தமிழ்ச்செல்வி சொன்னாள். அதற்குக் காரணமும் இருந்தது. சுனாமி வந்தபோது எழிலன் கட்டுமரத்தில் இருந்தான். ஊரே அவன் போய்விட்டான் என்று சொல்லி, சொந்தக்காரர்கள் வந்து மாரடித்து அழுதாயிற்று. இருசம்மாள் மட்டும் அழவில்லை. இரண்டு நாள் கழித்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் கரையேறியவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து ஊர் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இசைவாணி முதுநகருக்குப் போனாள். துறைமுகத்துக்குப் பின்னால் தொகுப்பு வீடு. இருசம்மாள் முறத்தில் காய்ந்த நெத்திலியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்து, உட்காரச் சொல்லிவிட்டு, கையை நிறுத்தாமலே பேசினாள். அவனைச் சாகடிக்கத்தானே வந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது. இசைவாணி, தயார் செய்துகொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு தேசமாகச் சொன்னாள். ஆறு மாசம், ஒரு வருஷம், நாலு வருஷம், ஏழு வருஷம்.

இருசம்மாளின் கை மெதுவாக நின்றது. "எல்லா ஊருலயும் இதுக்குக் கணக்கு வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்கம்மா."

"ரொம்ப ஜாஸ்தியா வச்சவன் எவன்?"

வயதொத்தவர்கள் எல்லோரும் சாகும்வரை காத்திருக்கச் சொன்னவர்களைப் பற்றி இசைவாணி சொன்னாள். எழிலன் கூடப் படித்தவன், கூட மீன் பிடித்தவன், அத்தனை பேரும் கிழவர்களாகிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனையும் சேர்க்கலாம் என்று விளக்கினாள். கிழவி முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"அதை எழுதுனவன் அம்மாகிட்ட கேட்டுட்டு எழுதியிருப்பான்" என்றாள்.

உள்ளே தமிழ்ச்செல்வி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. இருசம்மாள் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிம்மா. நீ செத்தான்னு எழுதி வாங்கிடுற. அப்பால அவன் வந்துட்டா?"

இசைவாணி பையிலிருந்து எடுத்து அந்தப் பிரிவைத் தமிழில் படித்துக் காட்டினாள். இருசம்மாள் இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்தாள். தீர்ப்பை ரத்து பண்ணிவிடுவார்கள் என்பதையும், வீடு அவனுக்கே திரும்பும் என்பதையும் அவள் தலையாட்டிக் கேட்டாள். கல்யாணத்தைப் பற்றிய வரியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தா எம்புள்ளதான்னு சேத்துக்குவாங்க. இவள மட்டும் திரும்பிக் கேக்க முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தாம்மா."

"ஞாயந்தான். அவன் வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு எதுக்கு அலைக்கரையில நிக்கணும்?"

மனுவை மொழிபெயர்த்து, கேப்டன் அறிக்கையோடு, புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத்தூதரகம் வழியாக அனுப்பினார்கள். பாரீஸ் நூலகப் பெண்மணி இரண்டு தடவை எழுதி வழி சொன்னார். சீனியர் பழனிவேல் ஆரம்பத்தில் கேலி செய்தவர்தான். பிறகு ஒருநாள், அந்த ஜப்பான் சட்டத்தை இன்னொருதரம் சொல்லு என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் தீர்ப்பு வந்தது. நீலமும் சிவப்புமாக முத்திரை குத்திய நாலு பக்கம். பிரெஞ்சு மக்களின் பெயரால் என்று ஆரம்பித்த அந்தத் தாளில், முதுநகர், கடலூர், தமிழ்நாடு என்று எழுத்து எழுத்தாக அடித்திருந்தது. யாரோ ஒரு நீதிபதி, பார்த்திராத ஊரின் பார்த்திராத பையனுக்காகக் கப்பலின் பதிவேட்டை வரவழைத்து, உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தை எல்லாம் படித்து, அந்த அலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுவரை எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பைத் தமிழ்ச்செல்வி கையில் கொடுத்தபோது அவள் அந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள். எழிலன் போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

மறுவருஷம் வழக்கு கடலூரில் விசாரணைக்கு வந்தது. இந்தியக் குடிமகன் ஒருவனின் சாவை வெளிநாட்டுக் கோர்ட் எப்படித் தீர்மானிக்கலாம் என்று நீதிபதி கேட்டார். இசைவாணி கொடியைப் பற்றிச் சொன்னாள், நடுக்கடலைப் பற்றிச் சொன்னாள். அயல்நாட்டுத் தீர்ப்பை எப்போது ஏற்கலாம் என்று நம் சட்டமே சொல்வதை எடுத்துக் காட்டினாள். தீர்ப்பு மட்டுமல்ல, அதற்குள் இருக்கிற சாட்சியங்களே சாவை நிரூபிக்கப் போதும், ஏழு வருஷம் என்பது எதுவுமே தெரியாதபோது எடுத்துக்கொள்கிற கணக்குதான் என்றாள். நீதிபதி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பையனின் தாயார் என்ன சொல்கிறார் என்று கூண்டைப் பார்த்தார்.

இருசம்மாள் கூண்டில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் செத்துட்டான்னு எவ்வாயால சொல்லமாட்டேன்யா. சொல்லச் சொல்லாதீங்க. ஆனா இந்தப் பொண்ண விட்டுருங்க."

எதிர்ப்பு இல்லை என்று குறித்துக்கொண்டால் போதுமே என்று அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளும்படி சுருக்கெழுத்தாளரிடம் சொன்னார். தாய் மரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மனுவை எதிர்க்கவும் இல்லை என்று, எழிலன் இறந்ததாக அறிவித்த உத்தரவில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், தை மாதம், சிதம்பரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தமிழ்ச்செல்விக்கும் பண்ருட்டியில் லேத் பட்டறை வைத்திருந்த கார்த்திகேசனுக்கும் கல்யாணம் பதிவானது. தமிழ்ச்செல்வியின் பிறந்தகம் சிதம்பரம். சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் குறைந்தபோது இருசம்மாள் முன்னால் வந்தாள். பெண்ணுக்கு என்ன உறவு என்று கிளார்க் கேட்டார். மாமியார் என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவா என்று அவர் திருப்பிக் கேட்க, இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

சாப்பாடு முடிந்து இருசம்மாளும் இசைவாணியும் ஒரே பஸ்ஸில் கடலூர் திரும்பினார்கள். புதுச்சத்திரத்தில் ஒரு கூட்டம் இறங்கி, காற்று உள்ளே வந்தது.

"வக்கீலம்மா," என்றாள் இருசம்மாள், "அந்த ஊருங்கள்ல இன்னும் என்னல்லாம் எழுதி வச்சிருக்காங்க? கடல்ல பொறந்த புள்ளைக்கு எந்த ஊரு?"

இசைவாணி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அது நாட்டுக்கு நாடு மாறும் என்று ஆரம்பித்தாள். சில நாடுகள் கப்பலின் கொடியைப் பார்க்கும், சில நாடுகள் அப்பா அம்மா யாரென்று பார்க்கும், எந்த நாடும் இல்லாமல் ஒரு பிள்ளை நின்றுவிடக்கூடாது என்று பல தேசங்கள் சேர்ந்து ஓர் உடன்படிக்கையே எழுதியிருக்கின்றன என்றாள். இருசம்மாள் மூக்கில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியது தெரியவில்லை. முதுநகர் நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதியபோது, மிச்சத்தை வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போ, நெத்திலிக் குழம்பு வைக்கிறேன் என்று சொல்லி, இசைவாணியின் கையைப் பிடித்து அவளையும் இறக்கிக்கொண்டாள்.